கிறான்டன் றோலர் (1934): படம் பாத்த ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்வியள்

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில பழைய விவரணப் படங்கள் போட்டுக் காட்டுறனாங்கள். அதில "கிறான்டன் றோலர்" எண்ட, ஒரு றோலரைப் (இழுவை வலை இழுத்து மீன் பிடிக்கிற கப்பல்) பற்றின இந்தச் சின்னப் படத்தை எப்ப போட்டாலும், முடிஞ்ச பிறகும் ஆக்கள் போகமாட்டினம், நிண்டு கேள்வி கேப்பினம். தொழிலுக்குப் போற ஐயாமார் கேக்கிறது ஒரு மாதிரி, கம்பஸ் பெடியள் கேக்கிறது வேறை மாதிரி, ஆனா சுத்திச் சுத்தி அதே கேள்வியள்தான். அதால அவை கேட்ட மாதிரியே எழுதி மறுமொழியையும் கீழ போட்டிருக்கிறன். ஒருக்காச் சொன்னதை பிறகு திருப்பிச் சொல்லேல்லை, முதல்ல இருந்து வாசிச்சா நல்லம்.

இது எந்தக் காலத்துப் படம், எவ்வளவு நேரம் ஓடும்?

1934ல வந்த படம், கறுப்பு வெள்ளை, ஒரு 11 நிமிசம்தான். ஒரு நீராவி றோலர் துறைமுகத்தால வெளிக்கிட்டுக் கடலுக்குப் போகுது, மடியை, அதாவது அந்த இழுவை வலையை, விடுகினம், இழுக்கினம், மீனைக் கப்பலின்ர மேல்தட்டில கொட்டித் துப்புரவாக்கினம், திரும்பி வருகினம். அவ்வளவுதான் கதை. கதாநாயகன் எண்டு ஒருத்தரும் இல்லை, ஒருத்தற்ற பேரும் சொல்லப்படேல்லை.

முதல்தரம் பாக்கிற சில பேர் "ஒண்டும் நடக்கேல்லையே" எண்டு சொல்லுறவை. அவைக்கு நான் சொல்லுறது, ரெண்டாந்தரம் பாக்கேக்க முகங்களை விட்டுட்டுக் கையளை மட்டும் பாருங்கோ. கயிறைப் பிடிக்கிற கை, வின்சில (வடம் சுத்தி இழுக்கிற பொறி) நிக்கிற கை, மீனின்ர வயித்தைக் கீறுற கை. தொழில் தெரிஞ்ச ஆக்கள் அதை முதல்தரமே பிடிச்சிடுவினம்.

கிறான்டன் எண்டது கப்பலின்ர பேரோ, ஊரின்ர பேரோ?

ஊரின்ர பேர். ஸ்கொட்லாந்தில எடின்பரோ நகரத்தின்ர கரையில, போர்த் கழிமுகத்தில இருக்கிற ஒரு சின்னத் துறைமுகம். கப்பலின்ர பேர் இசபெல்லா கிரேக். அது மீன் பிடிக்கப் போற இடம் விக்கிங் பாங்க் எண்ட கடல்மேடை, ஷெட்லாந்து தீவுகளுக்கும் நோர்வேக்கும் நடுவில கிடக்குது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. றோலர் மடியின்ர வாயை ரெண்டு பலகையால விரிக்கிற முறை இருக்கெல்லோ, அதுக்கு 1894ல காப்புரிமை எடுத்தது கிறான்டனைச் சேந்த ஸ்கொட் எண்ட ஒருவர். அதுக்கு முதல் மடியின்ர வாயை ஒரு நீட்டு மரத்தாலதான் விரிச்சு வைச்சவை, மரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் வாய். பலகை வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு போட்டுது. "கிறான்டன் மடி" எண்டே பிறகு கனகாலம் அந்த வகை மடிக்குப் பேர் இருந்தது. அதால படத்தின்ர பேரைச் சும்மா ஒரு ஊர்ப்பேர் எண்டு நினைச்சிடாதேங்கோ, இண்டைக்கு எங்கட கடல்ல இழுபடுற மடியின்ர பரம்பரை அங்கதான் தொடங்குது.

ஆர் எடுத்தது?

ஜோன் கிரியேர்சன். ஸ்கொட்லாந்துக்காரர், 1898ல பிறந்தவர், முதலாம் உலக யுத்தத்தில கண்ணிவெடி அகற்றுற கப்பல்களில வேலை செய்தவர், அதால கடல் அவருக்குப் புதுசில்லை. படத்தை வெட்டி ஒட்டித் தொகுத்தது எட்கர் ஆன்ஸ்ரி. பிரிட்டிஷ் அரசாங்கத்தின்ர எம்பயர் மார்க்கெற்றிங் போர்ட் எண்ட சபையில ஒரு படப்பிரிவு இருந்தது, 1933ல அந்தச் சபையை மூடினோடன படப்பிரிவைத் தபால் திணைக்களம் பொறுப்பெடுத்திட்டுது. இந்தப் படம் அந்தக் கைமாறுற காலத்துப் படம்.

கனடாவில இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு விசயம், உங்கட நாஷனல் பிலிம் போர்ட் 1939ல தொடங்கேக்க அதுக்கு முதல் ஆணையாளரா இருந்தது இதே கிரியேர்சன்தான்.

ஏன் அண்ணை ஒருத்தரும் கதைச்சு விளங்கப்படுத்தேல்லை? சத்தம் கெட்டுப் போச்சோ?

இல்லை, கெட்டுப் போகேல்லை. பின்னணியில விளக்கம் சொல்லுற குரல் வேண்டாம் எண்டுதான் விட்டிருக்கினம். எஞ்சின் சத்தம், வின்ச் சத்தம், கடற்புள்ளுகளின்ர சத்தம், ஆக்கள் அரைகுறையாக் கத்துற சத்தம், இவ்வளவும்தான். வள்ளத்தில நிண்ட ஆளுக்குத் தெரியும், அங்க ஒருத்தரும் முழு வசனம் கதைக்கிறேல்லை, காத்தில பாதி அடிபட்டுப் போகும். அந்த உணர்வு அப்பிடியே வந்திருக்கு. தமிழில குரல் போட்டுத் தாங்கோ எண்டு கேட்ட ஆக்களுக்கு நான் மாட்டன் எண்டு சொன்னதும் அதாலதான்.

அப்ப அந்தச் சத்தம் கப்பல்ல வைச்சே பிடிச்சதோ?

இல்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவுச் சாமான் பெரிய பாரம், ஆடுற றோலரில கொண்டுபோய் வைக்க ஏலாது. கடல்ல படத்தை மட்டும் எடுத்து, சத்தத்தைப் பிறகு ஸ்ரூடியோவில உண்டாக்கிச் சேத்தவை. மாலுமியள் கதைக்கிற மாதிரிக் கேக்கிறதும் அப்பிடிச் சேத்ததுதான். பிரேசில் நாட்டவர் அல்பேர்ட்டோ கவல்காந்தி 1934லதான் அந்தப் படப்பிரிவில வந்து சேந்தவர், இந்தச் சத்த வேலையில அவற்ற பங்கு இருக்கு.

இதைச் சொன்னா சில பேருக்கு மனம் விட்டுப் போகுது, "அப்ப பொய்தானே" எண்டு. அதுக்குக் கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு, பாருங்கோ.

அந்த மடி என்னெண்டு மீன் பிடிக்குது? எனக்குத் தலையும் விளங்கேல்லை வாலும் விளங்கேல்லை.

தொழில் தெரியாத ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி, படத்தில கெதியாப் போற படியா விளங்கிறது கஷ்டம்தான், ஆறுதலாச் சொல்லுறன். மடி எண்டது பெரிய பை. முன்னுக்கு வாய் அகலம், பின்னுக்குப் போகப் போக ஒடுங்கி ஒரு சின்னப் பையில முடியுது, அதின்ர அடி கயித்தால முடிஞ்சிருக்கும். வாயின்ர மேல் கயித்தில மிதவையள், கீழ் கயித்தில பாரம். மேல் கயிறு எழும்பி நிக்கும், கீழ் கயிறு நிலத்தோட உரஞ்சிக்கொண்டு வரும், வாய் மேலயும் கீழயும் திறக்கும்.

இடமும் வலமும் என்னெண்டு திறக்கிறது? அதுக்குத்தான் அந்த ரெண்டு பெரிய பலகை. கப்பலில இருந்து வாற ரெண்டு கம்பி வடத்திலயும் ஒவ்வொரு பலகை சரிவாக் கட்டியிருக்கும். கப்பல் இழுக்க இழுக்கத் தண்ணி அந்தச் சரிவில அடிச்சு ஒண்டை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுது. பட்டம் ஏத்தின பிள்ளைக்கு இது உடன விளங்கும், முச்சை சரியாக் கட்டினாப் பட்டத்தைக் காத்து தூக்குற மாதிரித்தான், இங்க தண்ணி பக்கவாட்டில தள்ளுது. முச்சை பிழைச்சாப் பட்டம் குத்தும், பலகை பிழைச்சா மடி சுருண்டு போகும்.

சில மணித்தியாலம் இழுத்துப் போட்டு, கப்பலை நிப்பாட்டி, வின்சால வடத்தைச் சுத்தி எடுத்து, மடியைக் கப்பலின்ர விலாப்பக்கத்தால மேல தூக்குகினம். கடைசிப் பையைத் தட்டுக்கு மேல கொண்டுவந்து அடி முடிச்சை இழுக்க மீன் எல்லாம் பொத்தெண்டு கொட்டுது. படத்திலயே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான், முடிச்சை அவிழ்க்கிறவர் இழுத்த கையோட விலகி நிக்கிறதைக் கவனிச்சுப் பாருங்கோ, ஒரு கணம் பிந்தினா அவருக்கு மேலதான் விழும்.

இப்ப எங்கட கடலுக்க வாற றோலரும் இதுவும் ஒண்டோ?

முறை ஒண்டு, கப்பலும் கடலும் வேறை. படத்தில வாறது நிலக்கரி எரிக்கிற நீராவிக் கப்பல், விலாப்பக்கத்தால மடி ஏத்துறது. இப்ப வாறது டீசல் எஞ்சின், பின்பக்கத்தால மடி விடுறதும் எடுக்கிறதும்.

பெரிய வித்தியாசம் கடல்ல இருக்கு. விக்கிங் பாங்க் நூறு மீற்றருக்குக் கிட்ட ஆழம், கரையில இருந்து கன தூரம். எங்கட பாக்கு விரிகுடா பெரும்பாலான இடத்தில 15 மீற்றருக்கும் குறைவு, அதுக்குள்ள பவளப்பாறை, கடற்சாதாழை, இறால் குஞ்சு வளர்ற இடம் எல்லாம் இருக்கு, அதே இடத்திலதான் சின்ன வள்ளக்காரர் வலை படுக்கிறதும். ஆழம் குறைஞ்ச, ஒடுங்கின கடல்ல நிலத்தை உரஞ்சுற மடியை இழுத்தா என்ன மிஞ்சும்?

நைலோன் இல்லாத காலத்தில வலை எதால செய்தவை?

றோலர் மடி மணிலாக் கயித்தால, மெல்லிய வலையள் பருத்தி நூலால. நைலோனை ஆய்வுகூடத்தில முதல் உண்டாக்கினதே 1935ல, படம் வந்து அடுத்த வருசம். பருத்தி நூல் உப்புத் தண்ணியில உக்கிப் போகும் எண்ட படியா அங்க காசுக்கட்டியில வலையைத் தோய்ச்சு எடுத்தவை. இங்க எங்கட பழைய ஆக்கள் பனிச்சங்காய்ச் சாறில தோய்ச்சவை, வீட்டில வயசான ஆக்கள் இருந்தாக் கேட்டுப் பாருங்கோ.

அதென்ன மீன் கொட்டுறது? எங்கட கடல்ல இருக்கோ?

கொட், ஹடொக் மாதிரி குளிர்க்கடல் மீனுகள், நிலத்தோட அண்டித் திரியிறது. எங்கட கடல்ல இல்லை. தட்டில வைச்சே குடல் எடுத்து, கழுவி, கீழ ஐஸ் போட்டு அடுக்கினம்.

"ட்ரிப்டர்ஸ்" எண்டு இன்னொண்டும் சொல்லுறியள், ரெண்டும் ஒரே படமோ?

இல்லை, இதை எல்லாரும் குழப்பிறவை. "ட்ரிப்டர்ஸ்" 1929ல வந்தது, அதுவும் கிரியேர்சன்தான், ஆனா முக்கால் மணித்தியாலத்துக்கு மேல ஓடும், பேசாத படம். லண்டன் பிலிம் சொசைற்றியில 1929 நவம்பர் 10ல முதல்முதல் போட்டவை, அண்டைக்கு அதோட சேத்துப் போட்ட மற்றப் படம் ரஷ்யாவின்ர "பொற்றெம்கின் போர்க்கப்பல்".

தொழிலும் வேறை. அது ஹெரிங் மீன் பிடிக்கிறது, எங்கட சூடை, சாளைக்குச் சொந்தக்கார மீன். ராவில அது மேல் தண்ணிக்கு எழும்பி வரும். பின்னேரம் வலையை ஒரு நீட்டு மதில் மாதிரித் தொங்க விட்டு, ஓட்டத்தோட கப்பலும் வலையுமா மிதந்து கிடந்து, விடியப்புறம் இழுக்கிறது. மீன் வலைக் கண்ணில செவுள் மாட்டி நிக்கும். நிலத்தைத் தொடுறேல்லை, மீனைத் துரத்துறதும் இல்லை. கடைசியில கரையில பெண்கள் மீன் வெட்டி உப்புப் போட்டு பீப்பாயில அடுக்கிறதும் வருது, அந்தப் பெண்கள் மீன் போற பக்கமெல்லாம் ஊர் ஊராக் கரையோரமாப் போய் வேலை செய்தவை. எங்களிட்டை நேரம் இருக்கிற நாள்ல ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போடுவம், கடலைத் துடைக்கிற வலைக்கும் கடல்ல காத்துக்கிடக்கிற வலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விளக்கமும் இல்லாமலே தெரிய வரும்.

எல்லாம் உண்மையா நடந்ததோ, இல்லாட்டி செட் போட்டு நடிச்சதோ?

கடல் உண்மை, வேலை உண்மை, வேலை செய்யிற ஆக்களும் அந்தத் தொழிலாளர்தான். ஆனா "ட்ரிப்டர்ஸ்" படத்தில கப்பலுக்குள்ள ஆக்கள் படுக்கிற, சாப்பிடுற அறை கரையில செட் போட்டு எடுத்தது, உண்மையான அறைக்குள்ள கமெராவும் வெளிச்சமும் வைக்க இடமில்லை. தண்ணிக்குக் கீழ மீன் நீந்துறது பிளைமவுத் கடல் ஆய்வு நிலையத்தின்ர தொட்டியில எடுத்தது. "கிறான்டன் றோலர்" படத்தில சத்தம் பிறகு சேத்தது, மேல சொல்லியிருக்கிறன்.

கிரியேர்சனே விவரணப் படத்துக்கு வைச்ச வரைவிலக்கணம், நடந்ததை எடுத்துக் கற்பனைத் திறத்தோட கையாளுறது எண்டதுதான். அவர் ஒளிச்சுச் செய்யேல்லை. எனக்கு அறையை செட் போட்டது பிரச்சினை இல்லை. நான் யோசிக்கிறது கமெரா போகாத இடத்தைப் பற்றி. றோலர் படத்தில கமெரா தட்டிலயே நிக்குது, மடி நிலத்தில என்ன செய்யுது எண்டதை அது ஒரு தரமும் காணேல்லை, 1934ல காணவும் ஏலாது. நாங்கள் பாக்கிறது மேல வந்த மீனை மட்டும். படம் பாத்துப் போட்டுக் கதைக்கேக்க இதை மறக்காதேங்கோ.

அரசாங்கக் காசில எடுத்த படம், பிரச்சாரம்தானே?

ஓம், மேல சொன்ன எம்பயர் மார்க்கெற்றிங் போர்ட் எண்ட சபையே பேரரசு நாடுகளின்ர சாமானை பிரிட்டிஷ் சனம் வாங்க வைக்கிறதுக்காக 1926ல தொடங்கினது. "ட்ரிப்டர்ஸ்" ஹெரிங் பற்றி எடுக்கப்பட்டதுக்கும் ஒரு காரணம் இருக்கு. அப்ப திறைசேரியில காசு விசயம் பாத்த ஆர்தர் மைக்கேல் சாமுவேல் எண்டவர் ஹெரிங் மீனின்ர சரித்திரம் பற்றி ஒரு புத்தகமே எழுதினவர், அவற்ற விருப்பமான விசயத்தை எடுத்தாத்தான் காசு வரும் எண்டு கணக்குப் போட்டவை.

ஆனா அதுக்கு முதல் பிரிட்டிஷ் படங்களில உழைக்கிற சனம் வாறது பெரும்பாலும் வேலைக்காரனா, சிரிப்புக் காட்டுறவனா. இதில அவைதான் நடுவில நிக்கினம். அதுக்காக முழுசும் சொல்லிப் போட்டினம் எண்டும் இல்லை. மீன் என்ன விலைக்குப் போனது, அதில தட்டில நிண்டவனுக்கு எவ்வளவு, முதலாளிக்கு எவ்வளவு எண்டு றோலர் படத்தில ஒரு சொல்லும் இல்லை. குருநகரில ஒரு ஐயா படம் முடிஞ்சோடன கேட்ட முதல் கேள்வி "பங்கு என்னெண்டு பிரிக்கிறவை?" எண்டு. அவர் கேட்டது சரியான கேள்வி, படத்திட்டை அதுக்கு மறுமொழி இல்லை.

அந்தக் காலத்தில அங்க ஒருத்தரும் றோலரை எதிர்க்கேல்லையோ?

எதிர்த்தவை, நல்லா எதிர்த்தவை. 1376லயே இங்கிலாந்தில மூன்றாம் எட்வேட் அரசனுக்கு முறைப்பாடு போயிருக்கு, ஒரு புது மாதிரி இழுவை மடி வந்திருக்கு, கண் மிச்சம் சின்னன், குஞ்சு மீனையும் வாருது, கடலடியில வளர்ற பூண்டையெல்லாம் அழிக்குது, பிடிபடுற குஞ்சு மீனை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் பண்டிக்குப் போடுகினம் எண்டு. ஆறரை நூற்றாண்டுக்கு முந்தின கடிதம், இண்டைக்கு எங்கட சங்கங்கள் எழுதுற மகஜரில வாற அதே விசயம்.

நீராவி றோலர் வந்த பிறகு ஸ்கொட்லாந்தின்ர தூண்டில்காரரும் சின்ன வள்ளக்காரரும் சேந்து சண்டை பிடிச்சு, 1889ல கரையில இருந்து 3 மைலுக்குள்ள இழுவை மடி கூடாது எண்டு சட்டம் வந்தது. படத்தில அந்தக் கப்பல் ஏன் இவ்வளவு தூரம் போகுது எண்டு கேக்கிற ஆக்கள் இதையும் சேத்து யோசிக்கலாம்.

றோலரால எங்கட வலை அறுபடுது, நீங்கள் றோலர் படத்தைப் போட்டுக் காட்டுறியள். இது சரியோ?

கோவத்தோட கேட்ட ஆக்கள் இருக்கினம், அந்தக் கோவம் ஞாயமானது. 1974லயும் 1976லயும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தம் போட்டாச்சு, ஆனா ராவில இந்தியப் பக்கத்தால எல்லை தாண்டி வாற றோலர் விடிய முதல் ஒரு குடும்பத்தின்ர வலை முழுக்க வாரிக்கொண்டு போகுது. கடனுக்கு வாங்கின வலை அது, அறுந்தாலும் கடன் நிக்கும். இந்தத் துயரத்தைச் சின்னனாக்க நான் ஒரு படமும் போடமாட்டன்.

ஆனா றோலர் எங்கட எதிரி எண்டு சொல்லேக்க அது என்ன, எங்க இருந்து வந்தது, என்னெண்டு வேலை செய்யுது எண்டு தெரிஞ்சு சொல்லவேணும். இந்தியாவில 1952ல ஒப்பந்தமான இந்தோ நோர்வே திட்டத்தோடதான் எஞ்சின் படகுத் தொழில் கேரளாவில வேர் பிடிச்சது, பிறகு இறால் ஏற்றுமதியில நல்ல காசு கண்டு றோலர் பெருகினது. அதே நோர்வே ஆக்களின்ர உதவியாலதான் காரைநகரில சீநோர் படகுத்தளமும் குருநகரில வலைத் தொழிற்சாலையும் வந்தது. இலங்கையும் ஒரு காலம் கன்னியாகுமரிக்குத் தெற்கால வாட்ஜ் மேடையில றோலர் விட்ட நாடுதான், 1976 ஒப்பந்தத்தோட அந்த இடம் இந்தியப் பக்கம் போனது. எங்கட கரையிலயும் உள்ளூர் றோலர் இருந்தது, இழுவை மடியைத் தடை செய்த 2017ம் ஆண்டு 11ம் இலக்கச் சட்டம் எங்கட ஆக்களுக்கும் சேத்துத்தான்.

மற்றது, படத்தில அந்தத் தட்டில நிக்கிறவனும் கூலிக்குத்தான் நிக்கிறான். ராமேஸ்வரத்தில இருந்து வாற றோலரில நிக்கிறவனும் அப்பிடித்தான், பிடிபட்டு மறியலுக்குப் போறது அவன், படகுக்காரன் கரையில நிப்பான். மடியை எதிர்க்கிறதையும் அதை இழுக்கிற கூலிக்காரனை வெறுக்கிறதையும் ஒண்டாக்க வேண்டாம் எண்டுதான் நான் கேக்கிறன்.

இப்பவும் அந்தக் கடல்ல மீன் இருக்கோ?

"ட்ரிப்டர்ஸ்" படத்தில அள்ள அள்ளக் குறையாது எண்ட மாதிரிக் காட்டின ஹெரிங், 1970களில அழியிற நிலைக்கு வந்து, 1977ல வடகடலில அதைப் பிடிக்கிறதையே நிப்பாட்டினவை. சில வருசம் மூடி வைச்ச பிறகுதான் திரும்பப் பெருகினது. அழிச்சது அந்த மிதக்கிற வலை இல்லை, பிறகு வந்த பெரிய சுருக்குவலைக் கப்பல்களும் அளவில்லாத பிடியும். மூடினா மீன் திரும்பி வரும் எண்டதையும் அது காட்டுது, எங்கட கடலுக்கு அந்தச் செய்தி முக்கியம்.

இதே ஆக்கள் இலங்கையைப் பற்றியும் ஏதும் எடுத்தவையோ?

ஓம், அதே படப்பிரிவு, அதே 1934. "சோங் ஒவ் சிலோன்" எண்டு பஸில் ரைட் எடுத்தது, காசு குடுத்தது தேயிலைச் சபை. பின்னணியில வாசிக்கிறது கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட், வாசிக்கிற வசனம் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1681ல எழுதின புத்தகத்தில இருந்து. அழகான படம், அதைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் தனியாத்தான் எழுதவேணும்.

எங்கட தொழிலைப் பற்றி நாங்கள் இப்பிடி ஒண்டு எடுக்கிறதெண்டால் எங்க தொடங்கிறது?

போனே போதும். முதல்ல ஒரு தொழிலை மட்டும் தெரிவு செய்யுங்கோ, களங்கட்டியோ (கரைக்கடல்ல தடி நட்டு வலை கட்டிப் பிடிக்கிறது), கரைவலையோ, வலை பொத்துறதோ, எல்லாத்தையும் ஒரே படத்தில திணிக்க வேண்டாம். தொடங்கினதில இருந்து முடியிற மட்டும் அந்த வேலை எந்த ஒழுங்கில நடக்குதோ அந்த ஒழுங்கிலயே எடுங்கோ. எஞ்சின் போட் எண்டால் சத்தம் எல்லாத்தையும் மூடிப்போடும், அதால மேல சொன்ன மாதிரிச் சத்தத்தைத் தனியா எடுங்கோ, எஞ்சினை நிப்பாட்டினாப் பிறகு வலை இழுக்கிற சத்தம், தண்ணி வடியிற சத்தம், கரையில மீன் ஏலம் கூறுற சத்தம். சோளகக் காத்து பெலத்து அடிக்கிற மாதங்களில போனை மூடிக் கட்ட ஒரு துணியாவது வேணும், காத்து இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். சினிமாப் பாட்டுப் போடாதேங்கோ.

அந்த ஐயா கேட்ட பங்குக் கணக்கையும் கேட்டு எடுங்கோ, சொல்ல விருப்பமெண்டால் மட்டும். எடுக்க முதல் வள்ளக்காரரிட்டைக் கேட்டு, எடுத்து முடிஞ்சோடன பேஸ்புக்கில போட முதல் அவைக்குப் போட்டுக் காட்டுங்கோ. பிழையா ஒட்டின இடம் இருந்தா உடன சொல்லுவினம், அதைத் திருத்திப் போட்டு எங்களிட்டைக் கொண்டு வாங்கோ, நிலையத்தில போடுவம்.